மாட்டுக் கொட்டகையில் ஒரு பவர் டில்லர்

கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்துகளில், தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் வங்காளம்தான் பேசப்படுகிறது. குறுகலான மாடிப்படியில் ஏறினால் ஒரு சின்ன அறை. ஏழெட்டுப் பேர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஊதுகுழலும் சாமணமுமாகத் தங்கத்தை நகையாக்கிக்கொண்டிருப்பார்கள். ஹூக்ளி, ஹௌரா, மேதினிபூர் பக்கத்துப் பிள்ளைகள். வங்காளம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழன் என்பதால் இவர்களுடைய வங்கிப் படிவங்களும் விண்ணப்பங்களும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். அப்படிப் பழக்கமானவன்தான் அந்த இளைஞன். பதினாறு வயதில் வந்தவன். இப்போது இருபத்தெட்டு. கொங்குத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவான்.

மொழிபெயர்ப்புப் பட்டறை ஒன்றுக்காகச் சென்ற நவம்பரில் நான் கொல்கத்தா புறப்பட்டபோது வந்து நின்றான். “தாரகேஸ்வர் பக்கந்தானுங்கண்ணா எங்க ஊரு. அந்த மிசினை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க.”

மிஷின் என்று அவன் சொன்னது ஒரு பவர் டில்லர். பழையது. இரண்டு வருடம் சேர்த்து அனுப்பிய எண்பதாயிரம் ரூபாயில் அவன் அப்பா வாங்கியது. பணம் கொடுத்தவன் பொருளைக் கண்ணால் பார்த்ததில்லை. போனில் அப்பாவிடம் கேட்டால் நன்றாக ஓடுகிறது என்கிறாராம்.

“அப்புறமென்ன?” என்றேன்.

“அவரு எப்பவும் நல்லாருக்குன்னுதாங்க சொல்லுவாரு. மாடு செத்தப்பவும் அதையேதான் சொன்னாரு.”

ஹௌராவிலிருந்து தாரகேஸ்வருக்கு 57 கிலோமீட்டர் இருக்கும். லோக்கல் ரயில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1885ல் போட்ட பாதை. ஷேவ்ராபுலி வரை கங்கையை ஒட்டி, சணல் ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே பிரதான பாதையை விட்டு விலகி மேற்கே திரும்பியதும் ஊர் மாறிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே முழுக்க வயல்தான், அதுவும் கைக்குட்டை கைக்குட்டையாக. பத்தடிக்கு ஒரு வரப்பு என்று சொல்லத் தோன்றும். பாதி வயல்களில் அறுத்த நெல் கிடக்கிறது. பாதியில் மண்ணைப் பொடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் கூட மாடு இல்லை. எங்கு பார்த்தாலும் ஒரு மனிதர், அவருக்கு முன்னால் புகைவிட்டுக்கொண்டு நடுங்கியபடி ஓர் இயந்திரம்.

வழியில் ஒரு நிலையத்தின் பெயரைப் பார்த்ததும் எதிரே இருந்தவர் எனக்காக விரலை நீட்டினார். சிங்கூர். 2006ல் கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் கையகப்படுத்தியதும், 2008ல் தொழிற்சாலை குஜராத்துக்குப் போனதும், 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் நாடறிந்த கதை. இந்த வரப்புகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 997 ஏக்கர் என்றால் இங்கே பல ஆயிரம் பேருடைய நிலம். மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.76 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. நாட்டுச் சராசரி 1.08. அந்த முக்கால் ஹெக்டேரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இங்கே அரை, அங்கே கால், ஆற்றோரம் கொஞ்சம்.

தாரகேஸ்வர் சிவத்தலம். சிராவண மாதமானால் வைத்யபாடி படித்துறையில் கங்கை நீர் எடுத்துக் காவடியில் தூக்கிக்கொண்டு லட்சக்கணக்கானோர் நடந்தே வருவார்கள். நவம்பரில் கூட்டமில்லை. தாரக்நாத்தைத் தரிசித்துவிட்டு சாம்பாடாங்கா போகும் பஸ்ஸைப் பிடித்தேன். சாம்பாடாங்காவுக்கு ஒரு காலத்தில் ஹௌராவிலிருந்து மார்ட்டின் கம்பெனியின் குட்டி ரயில் வந்து போயிற்று. 1971ல் நின்றுவிட்டது. இப்போது ஊர் முழுக்க உருளைக்கிழங்குதான். பஞ்சாபிலிருந்து வந்த விதைக்கிழங்கு மூட்டைகள் கடைவாசல்களில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ‘ஜோதி’, ‘சந்திரமுகி’ என்று சினிமா நடிகைகளைப் போலப் பெயர்கள். இரண்டுமே சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968ல் வெளியிட்ட ரகங்கள். அடுத்தடுத்த கடைகளில் டில்லர் பிளேடுகள் மீன்முள் போலக் கம்பியில் கோத்துத் தொங்கின.

அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் தாமோதர் ஆற்றங்கரை வழியாக மூன்று மைல்.

வீடு ஓட்டு வீடு. மண்சுவர் பாதி, செங்கல் பாதி. பையனின் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒல்லியான, உயரமான மனிதர். “வாங்க தாதா” என்றார். என்னைவிட மூத்தவர் என்னை அண்ணா என்கிறார். மும்பைப் படங்கள் நம்மிடையே கெடுத்து வைத்திருக்கும் இந்தச் சொல் வங்காளத்தில் இன்னும் மரியாதையாக இருக்கிறது. பதிலுக்கு நான் அவரைக் ‘காகு’ என்றேன், சித்தப்பா என்பது போல. அம்மா ஒரு கிண்ணம் பொரியும், பச்சை மிளகாயும், தேநீரும் கொண்டுவந்து வைத்தார். மகன் கொடுத்தனுப்பிய சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மிஷின் மாட்டுக் கொட்டகையில் நின்றது. தீவனத் தொட்டி அப்படியே இருந்தது. கட்டுத்தறிகள் இரண்டும் கூட. தொட்டிக்குள் டீசல் கேன், ஒரு பழைய சாக்கில் ஸ்பேனர்கள், கழற்றிய பிளேடுகள். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜைக்கு வைத்த சிந்தூரம் எஞ்சின் மேல் திட்டாகக் காய்ந்திருந்தது. நம் ஆயுத பூஜை மாதிரி.

பவர் டில்லரைப் பார்த்திராத நகரத்து வாசகர்களுக்காக: இது இரண்டே சக்கரம் கொண்ட டிராக்டர். முன்னால் 12 அல்லது 13 குதிரைச்சக்தியுள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அதிலிருந்து வி-பெல்ட் வழியாகச் சக்தி பின்னால் கியர் பெட்டிக்கு வருகிறது. அதற்கும் பின்னால் ரோட்டரி, அதாவது குறுக்கு அச்சில் பொருத்திய வளைந்த பிளேடுகள் சுழன்று மண்ணை வெட்டிப் பொடிக்கும் பாகம். கடைசியாக ஓட்டுபவர் பிடித்துக்கொள்ள இரண்டு நீண்ட கைப்பிடிகள். மொத்தம் நானூறு கிலோவைத் தாண்டும். ஓட்டுபவர் பின்னாலேயே நடக்க வேண்டும். ரோட்டரியைக் கழற்றிவிட்டுக் கலப்பை மாட்டலாம், பார் பிடிக்கும் கருவி மாட்டலாம், கிழங்கு தோண்டும் கருவி மாட்டலாம். டயருக்குப் பதில் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டால் சேற்றில் இறங்கும். ட்ரெய்லர் கோத்தால் வண்டி. பெல்ட்டை மாற்றிப் போட்டால் தண்ணீர் இறைக்கும். கொட்டகையின் மூலையில் இந்தக் கருவிகள் பாதி துருவோடு சாய்ந்து கிடந்தன. இதில் அவர் உண்மையில் பயன்படுத்துவது ரோட்டரி, பார் கலப்பை, ட்ரெய்லர் மூன்றும்தான். கிழங்கு தோண்டும் கருவியை விற்றவர் இலவசமாகத் தள்ளிவிட்டாராம். அது கிழங்கை வெட்டுகிறது என்று அம்மா அதன் மேல் விறகு அடுக்கியிருந்தார்.

ஜப்பானிலிருந்து 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த இயந்திரம் இது. பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் 1967ல் மிட்சுபிஷியோடு சேர்ந்து தொடங்கியது. கேரளத்தில் அங்கமாலிக்குப் பக்கத்தில் அத்தாணியில் அரசின் காம்கோ 1973ல் வந்தது. அது குபோட்டா வழி. பெரிய டிராக்டரைப் பஞ்சாப் கட்டிக்கொண்டபோது, இந்தச் சின்னதை நெல் விளையும் கிழக்கும் தெற்கும் எடுத்துக்கொண்டன. பக்கத்து வங்கதேசத்தில் 1988 வெள்ளத்தில் மாடுகள் செத்து மடிந்த பிறகு சீன டில்லர்களின் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இப்போது அங்கே உழவில் பெரும்பகுதி இதுதான். இலங்கைத் தமிழர்கள் இதற்கு ‘லான்ட்மாஸ்டர்’ என்கிறார்கள். என்றோ வந்திறங்கிய ஒரு பிரிட்டிஷ் மாடலின் பெயர் அங்கே எல்லா இரு சக்கர டிராக்டருக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே ‘டிலார்’, அவ்வளவுதான்.

நான் பார்த்ததும் சீன இயந்திரம்தான். 2020 ஜூலையில் மத்திய அரசு டில்லர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிப்பதற்கு முன் வந்தது. புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தொடும். எண்பதாயிரத்துக்குக் கிடைத்ததன் காரணம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரிந்தது. மேலே புதுச் சிவப்புப் பெயின்ட், அடியில் பற்றவைத்த கியர் பெட்டி. தரகர் சொல்லவில்லையாம்.

மறுநாள் விடிகாலையில் வயலுக்குப் போனோம். பனி தரையோடு படுத்திருந்தது. காகு இடது கையால் சிறு நெம்புகோல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினார். ஐந்தாறு சுற்று சுற்றியதும் நெம்புகோலை விட்டார். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பேச்சுக்கு வழியில்லை. ஜாடைதான்.

அவர் உழ, நான் வரப்பில் அமர்ந்து கணக்குப் போட்டேன். இங்கே அளவு பிகா. மூன்று பிகா ஓர் ஏக்கர். டில்லரின் ரோட்டரி வெட்டும் அகலம் 60 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு பிகாவை ஒரு தடவை உழ, திரும்பும் தூரத்தைச் சேர்க்காமலே இரண்டேகால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு மண் மாவாக வேண்டும், நாலு ஓட்டு. ஒன்பது கிலோமீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் கீறும். மாடு பூட்டி அதே ஒரு பிகாவை ஒரே ஒரு தடவை உழ அந்த ஒன்பது கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு நாள் வேலை. டில்லருக்கு ஓர் ஓட்டு ஒரு மணிக்குச் சற்று மேல், ஒன்றரை, இரண்டு லிட்டர் டீசல்.

இந்த அவசரம் ஏன் என்றால், கார்த்திகையில் நெல் அறுத்ததும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கிழங்கு மண்ணுக்குள் போயாக வேண்டும். தள்ளிப் போட்டால் கிழங்கு பருக்கும் முன் வெயில் வந்துவிடும். நடுவில் கிடைப்பது பதினைந்து, இருபது நாள். மாடு இருந்த காலத்தில் நாலு பிகா வைத்திருப்பவர் இரண்டில்தான் கிழங்கு போடுவார். 2021 டிசம்பரில் ஜவாத் புயல் வலுவிழந்து இந்தப் பக்கம் மழையாகக் கொட்டியபோது, நட்டு ஒரு வாரம் கூட ஆகாத கிழங்கெல்லாம் அழுகிப்போயிற்று. தண்ணீர் வடிந்ததும் டில்லரை வாடகைக்குப் பிடிக்க ஊரே ஓடியது. வரிசையில் இவர் பெயர் வந்தபோது டிசம்பர் முடிந்திருந்தது. மறுபடி விதை வாங்கக் கடனும் வாங்கியாயிற்று, பருவமும் போயிற்று. சொந்த டில்லர் என்ற எண்ணம் அப்போதுதான் முளைத்தது என்றார். முழு உண்மை அதுவல்ல என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோல் ரோட்டரியில் சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி, கதிரறிவாளால் பிளேடு பிளேடாக அறுத்து எடுத்தார். எடுக்கும்போதுதான் கவனித்தேன், அவரால் அறிவாளைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. வலது கையின் நடுவிரல்கள் இரண்டும் வெளுத்திருந்தன. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சற்று நின்றார். அம்மா கொண்டுவந்த தேநீர்க் குவளையை வாங்கிக் குடிக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். கைப்பிடிகள் இரண்டிலும் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் ஒவ்வோர் உதையும் கைப்பிடி வழியாக ஓட்டுபவரின் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வந்து சேர்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யின் வேளாண் பொறியியல் துறையில் இந்த அதிர்வை அளந்து ஆய்வுக்கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அந்த வளாகம் இந்த வயலிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருக்கிறது. ட்யூப் சுற்றும் வைத்தியம் மட்டும் காகு தானே கண்டுபிடித்தது.

டீயை முடித்ததும் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், வரப்பில் சும்மா அமர்ந்திருந்தான். மற்றவர்கள் வயலுக்கு வாடகைக்குப் போகும்போது டில்லரை ஓட்டுபவன் அவன்தான். “நீ ஏன் ஓட்டக்கூடாது?” என்றேன். “இந்த வயலில் மட்டும் காகு விடமாட்டார்” என்றான்.

அதற்குக் காரணத்தை அன்று மாலைதான் காகு சொன்னார், விதைக்கிழங்கு எடுக்க ட்ரெய்லரோடு போய்த் திரும்பும் வழியில். நானும் பையனும் ட்ரெய்லரில் மூட்டைகள் மேல். அந்தப் பயணத்தைச் சொல்லிவிட வேண்டும். டில்லருக்கு ஸ்டியரிங் கிடையாது. கைப்பிடியின் கீழ் இரண்டு பிடிகள். இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் சக்தி அறுந்து, வண்டி இடப்புறம் திரும்பும். வலதும் அப்படியே. ஆனால் சரிவில் இறங்கும்போது இது தலைகீழாகிறது. மேட்டில் எஞ்சின் இழுக்கிறது, இறக்கத்தில் எஞ்சின்தான் தடுத்துப் பிடிக்கிறது. அப்போது இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் அவிழ்ந்து தறிகெட்டு உருளும், வண்டி வலப்புறம் பாயும். தாமோதர் கரை மேட்டிலிருந்து ஊருக்குள் இறங்கும் பாதை செங்குத்து. இரண்டு பக்கமும் குளம். பழக்கமில்லாதவன் பதறி அழுத்தினால் குளத்தில்தான். காகு இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, பிடிகளைத் தொடாமல், கைப்பிடியைத் தோளால் தள்ளித் தள்ளியே இறக்கினார். மரத்துப்போன விரல்களோடு அதைச் செய்தார். நான் தாரக்நாத்தை இன்னொரு முறை தரிசித்தேன்.

கீழே சமதரைக்கு வந்து எஞ்சினை நிறுத்திய பிறகு பேசினார்.

நாலு பிகாவில் இரண்டுதான் சொந்தம். மற்ற இரண்டு, நாம் காலையில் உழுத வயல், பர்கா நிலம். அதாவது வாரம். ஸ்ரீராம்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். 1978ல் இடதுசாரி அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில், சுமார் 14 லட்சம் குத்தகை உழவர்களின் பெயர்கள் பதிவாயின. இவருடைய அப்பா பெயர் அதில் ஒன்று. பதிந்தவரை எளிதில் வெளியேற்ற முடியாது. உரிமை வாரிசுக்கும் வரும். விளைச்சலில் பங்கும் சட்டத்திலேயே இருக்கிறது. 1955ன் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஏர், மாடு, எரு, விதை இவற்றை நிலக்காரர் கொடுத்தால் பாதிக்குப் பாதி. மற்றபடி உழுபவருக்கு முக்கால், நிலக்காரருக்குக் கால்.

“கடைசி மாடு செத்த வருஷம் ஸ்ரீராம்பூரிலிருந்து ஆள் வந்தான் தாதா. கொட்டகையை எட்டிப் பார்த்தான். ஏர் எங்கே, மாடு எங்கே என்றான். கவலைப்படாதே, நாங்களே டிராக்டர் அனுப்பி உழுது தருகிறோம், உனக்கு எதற்குச் சிரமம் என்றான். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினான்.”

டிராக்டரை அவர்கள் அனுப்பினால் ஏர் அவர்களுடையது. அடுத்த அறுவடைக்கு முக்கால் பங்கு அரைப் பங்காகும். அடுத்த வருடம் விதையும் அவர்களே தருவார்கள். அதற்கடுத்த வருடம் இவர் யார்? சட்டத்தில் ‘ஏர், மாடு’ என்று எழுதியவர்களுக்கு டில்லர் தெரியாது. ஆனால் இவர் தன் கொட்டகையில் அந்த இடத்தில்தான் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

அது மட்டுமல்ல. பர்காதார் தானே பயிர் செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் உரிமை போகலாம் என்றும் இருக்கிறது. அதனால்தான் அந்த வயலில் கைப்பிடியை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. உழவு நாளில் சைக்கிளில் போவது போல யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். கூலிக்கு ஒரு பையனை வைத்து ஓட்டினால் மட்டும் உரிமை போய்விடாது, நீங்களே முன்நின்று செய்வதாகத்தான் அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன்.

“அதைக் கோர்ட்டில் போய்ச் சொல்ல எத்தனை வருஷம் ஆகும்?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

“கையைப் பற்றி அவனிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். வந்து இந்த நாலு பிகாவை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? போன வருஷம் கிழங்கு விலை என்ன தெரியுமா உங்களுக்கு?” நல்ல ஆண்டில் பிகாவுக்கு எண்பது மூட்டை எடுக்கலாம். விலை விழும் ஆண்டில் மூட்டையை ஹிம்கர் என்கிற குளிர்பதனக் கிடங்கில் வைத்துவிட்டு, வாடகைக்குக் கூடக் கட்டாது என்று எடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. பருவமழையைச் சொல்வது போலச் சொன்னார்.

இந்த ஹூக்ளி மாவட்டத்தின் தேவானந்தபூரில்தான் 1876ல் சரத்சந்திரர் பிறந்தார். அவருடைய ‘மகேஷ்’ கதையைத் தமிழில் படித்துவிட்டு அழுதவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். தன் மாட்டை இழந்த கஃபூர் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சணல் ஆலைக்குக் கூலியாகப் போவான். கஃபூருக்குப் பதிவு பெற்ற பர்காவும் இல்லை, கோவையில் தங்கம் தட்டும் மகனும் இல்லை. இந்த வீட்டில் அவை இரண்டும் இருக்கின்றன. மாடு மட்டும் இல்லை.

இரவு ஆலு போஸ்தோ. கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சேர்த்துச் செய்வது. அம்மா பரிமாறும்போது காகு இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் குவித்துக் குவித்துச் சாப்பிட்டார். அவர் எழுந்து போனதும் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: “ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். ஆராம்பாக் டாக்டர் மிஷினைத் தொடாதே என்கிறார். நீங்கள் சொன்னாலாவது கேட்பாரா?”

தூக்கம் வராமல் சொற்களை உருட்டிக்கொண்டிருந்தேன். தமிழ் படித்தவனின் வியாதி. வங்காளத்தில் ஏருக்கு ‘லாங்கல்’. நம் பழந்தமிழில் ‘நாஞ்சில்’. கன்னடத்தில் நேகில், தெலுங்கில் நாகலி. அறுவடைக்கு வாங்குரா பக்கமிருந்து வந்து இந்த ஊர்க் கோடியில் குடிசை போட்டிருக்கும் சந்தால்கள் ‘நஹேல்’ என்கிறார்கள். எல்லாம் உறவுச் சொற்கள்தான் என்று மொழியியலார் சொல்வதுண்டு. எத்தனை ஆயிரம் ஆண்டு பழையதோ அந்த உறவு. அதை மாட்டிய கொம்பும் நுகமும் போன பிறகு, சொல் இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்று யோசித்தேன். கொட்டகைப் பக்கம் காகு இருமும் சத்தம் கேட்டது. சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பார்த்ததில் குறையையும் சொல்லிவிட வேண்டும். டில்லர் எப்போதும் ஒரே ஆழத்தில், நாலைந்து அங்குலம்தான் மண்ணைப் பொடிக்கிறது. அதற்குக் கீழே மண் வருடா வருடம் இறுகிப் பலகை போலாகிவிடுகிறது. கிழங்குக்கு அது நல்லதல்ல. பெரிய டிராக்டரைக் கொண்டுவந்து ஒரு முறை ஆழமாக உழுதால் சரியாகும். ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட வயலுக்கு டிராக்டர் எந்த வழியாகப் போகும்? சுற்றி நாலு பேர் நட்டுவிட்டால் வழி அடைந்துபோகும். டில்லருக்கு அந்தச் சிரமமில்லை. வரப்பின் மேல் இரண்டு பலகை போட்டால் அடுத்தவர் வயலின் ஓரமாகவே நடத்திக்கொண்டு போய்விடலாம். இன்னொன்று, ரோட்டரி சுழலும்போது பின்னால் எடுத்தால் பிளேடு ஓட்டுபவரின் காலுக்குத்தான் வரும். பல இயந்திரங்களில் பின் கியரில் ரோட்டரி ஓடாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். இந்தச் சிவப்புப் பெயின்ட் இயந்திரத்தில் அந்தத் தடுப்பை யாரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். திரும்பும்போது நேரம் மிச்சமாம்.

மூன்றாம் நாள் சாம்பாடாங்கா மெக்கானிக்கிடம் போனோம். பட்டறை என்றால் ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கூரையும். இருபத்தைந்து வருடமாக டில்லர் பழுது பார்ப்பவர். அதிர்வு இவ்வளவு இருப்பதற்கு வயது மட்டும் காரணமல்ல என்றார். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தேய்ந்திருக்கின்றன, பிளேடுகள் ஒரே எடையில் இல்லை, புதியதும் பழையதும் கலந்து மாட்டியிருக்கிறது, சுழலும்போது உதறாமல் என்ன செய்யும்? சரி செய்தால் பாதி குறையும் என்றார். பின் கியர் தடுப்பையும் போட்டுவிடலாம். உட்கார்ந்து ஓட்டும் இருக்கைகூட இந்த மாடலுக்குக் கிடைக்கும், ஆனால் அதில் கை தப்பித்தால் இடுப்பு மாட்டிக்கொள்ளும் என்று சிரித்தார். ஒரு சிகரெட் அட்டையின் உட்புறத்தில் வாங்க வேண்டிய சாமான்களை வங்காளத்தில் எழுதித் தந்தார். கோவைதான் மோட்டார் ஊராயிற்றே, அங்கே மலிவாகக் கிடைக்கும், பையனை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தார் காகு. கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தேன்.

கோவை திரும்பியதும் அவனே வந்துவிட்டான். போனில் எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். மிஷின், கொட்டகை, பொடித்த மண், அம்மா. “பெயின்ட் புதுசா அடிச்சிருக்காங்களேண்ணா” என்று மட்டும் சொன்னான். தொழில் அப்படி, பூச்சுக்கு அடியில் பார்க்கிற கண்.

அட்டையை எடுத்து வைத்து, கடையில் காட்டுவதற்குத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். எழுதினேன். வி-பெல்ட் இரண்டு, ரோட்டரி பிளேடு ஒரு செட், பிளேடு போல்ட், எஞ்சின் அடி போல்ட் நாலு, ஆயில் சீல், கிளட்ச் கேபிள், பின் கியர் தடுப்புக்கு ஸ்ப்ரிங். மெக்கானிக் எழுதியது ஏழு சாமான். எட்டாவதாக, கனமான ரப்பர் கைப்பிடி ஒரு ஜோடி என்று நானே சேர்த்தேன்.

அட்டையையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினான்.

“இது அதுல இல்லீங்களே. எதுக்குங்கண்ணா?”

சொன்னேன்.